கை ஆடும், நிலா ஆடாது

போன மாதம் ஒரு சாயங்காலம் நிலாவைப் படம் எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். விளக்கமாக ஒரு வரிகூட எழுதவில்லை. படமே பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

பேசியது.

முதல் பதில் பரளச்சியிலிருந்து வந்தது. என் மனைவியின் அண்ணன், பெருமாள்சாமி மச்சான். ‘மாப்ள, இது பந்தல்குடி ரோட்டுல எதுத்தாப்ல வர்ற லாரி ஹெட்லைட்டா?’ அடுத்த நிமிடம் அவர் மனைவி: ‘வடை நல்லா உப்பி வந்திருக்கு. யாரு சுட்டது?’ அதற்குக் கீழே விழுந்து விழுந்து சிரிக்கும் மஞ்சள் பொம்மைகள். சொந்தபந்தம் முழுக்கச் சிரித்தது.

கோபம்தான் வந்தது. ஆனாலும் படத்தை மறுபடி திறந்து பார்த்தேன். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. கறுப்பு வானத்தில் வெள்ளையாக ஒரு மொத்தை. ஓரம் வேறு இரண்டு இரண்டாகத் தெரிந்தது.

நீங்களும் எடுத்திருப்பீர்கள். எடுக்காதவர் யார்? மொட்டை மாடிக்குப் போனால் முழு நிலா. அடடா என்று போனைத் தூக்குகிறோம். கண்ணுக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிவது படத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வருகிறது. பெரிதாக்கினால் பஞ்சு. பேசாமல் அழித்துவிட்டு இறங்கி வந்துவிடுகிறோம்...

நான் இறங்கி வரவில்லை. மதுரைக்கு பஸ் ஏறினேன். என் கேமராவுக்கு முழங்கை நீளத்துக்கு ஒரு டெலிபோட்டோ லென்ஸ் வாங்கி வந்தேன். கை நடுக்கத்தைத் தானே சரிக்கட்டிக்கொள்ளும் ஸ்டெபிலைசர் உள்ளே இருக்கிறது என்றார் கடைக்காரர். விலை என்ன என்று மட்டும் கேட்காதீர்கள். பத்திரிகையில் வரும் இந்தப் பத்தியை என் வீட்டிலும் படிக்கிறார்கள்.

‘ஸ்டாண்டு வேண்டாமா சார்?’ என்றார். வேண்டாம் என்றேன். மூன்று காலையும் விரித்து, திருகி, மட்டம் பார்த்து முடிப்பதற்குள் நிலா தென்னை மரத்துக்குப் பின்னால் போய்விடும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. உங்களுக்குத்தான் தெரியுமே.

அன்றைக்கே எடுத்தேன். மறுபடியும் வடை. முன்னைவிடப் பெரிய வடை.

எங்கே தப்பு? மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் புரிந்தது. நான் ராத்திரியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இருட்டு, வெளிச்சம் பத்தாது என்று நானும் நினைத்தேன், கேமராவும் நினைத்தது. ஷட்டரை நிதானமாகத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. ஆனால் நிலாவில் இப்போது ராத்திரியா? இல்லையே! நம் கண்ணுக்குத் தெரிகிற அந்த வெள்ளைப் பக்கம் முழுவதும் வெயில் அடித்துக்கொண்டிருக்கிறது. சித்திரை மத்தியானத்தில் எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் காயுமே, அந்த வெயில். வெயிலில் கிடக்கிற ஒரு கல்லைப் படம் எடுக்க என்ன அளவு வைப்போமோ அதே அளவு போதும்.

இது மண்டையில் ஏறிய நிமிடம், கேமராவை இறக்கிவிட்டு அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். இத்தனை வயது வரைக்கும் நிலாவை ஒரு விளக்கு என்றே நினைத்திருக்கிறேன். அது விளக்கு இல்லை. அது ஓர் இடம். அங்கே இப்போது பகல்.

பிறகு கேமராவை மேனுவலுக்கு மாற்றினேன். ஐஎஸ்ஓ நானூறு, எஃப் எட்டு, ஷட்டர் நொடியில் முந்நூற்றிருபதில் ஒரு பங்கு. ஃபோகஸையும் கேமராவிடம் விடவில்லை. ஸ்கிரீனில் நிலாவின் ஓரத்தைப் பெரிதாக்கி, அது கத்தி முனைபோல ஆகும் வரைக்கும் கையாலேயே திருகினேன். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி... முக்கியமான விஷயம், பொத்தானைப் பட்டென்று அமுக்கக் கூடாது. பாதி அமுக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். லென்ஸுக்குள் ‘இர்ர்’ என்று பூச்சி மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அதுவரை, கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டருக்குள் துள்ளிக்கொண்டிருந்த நிலா மெல்ல மிதந்து வந்து நிற்கும்.

எப்படி நிற்கிறது? லென்ஸ் நம் கையைப் பிடித்து நிறுத்துவதில்லை. கை எந்தப் பக்கம் ஆடுகிறது என்பதை உள்ளே இருக்கும் சென்ஸார் மோப்பம் பிடிக்கிறது. மிதக்கிற மாதிரி வைத்திருக்கும் ஒரு கண்ணாடி, அந்த ஆட்டத்துக்கு ஈடுகட்டி நகர்ந்துகொடுக்கிறது. கை பாட்டுக்கு ஆடிக்கொண்டேதான் இருக்கும். படம் ஆடாது.

இனி என் வீட்டம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முத்துலட்சுமி. இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அவள் என்னைக் கிண்டல் அடிப்பவளாகத் தெரியும். தெரியாத ஒன்று உண்டு. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

அவளுக்குக் கை நடுங்கும்.

ஒன்றிரண்டு வருடமாக இருக்கிறது. முதலில் காபியில் தெரிந்தது. விருந்தாளிக்கு டம்ளரில் பாதிதான் ஊற்றுவாள். பிறகு கொண்டுபோய்க் கொடுப்பதையே என்னிடம் விட்டுவிட்டாள். வாசல் நிறையப் புள்ளிக்கோலம் போடுகிறவள், ஒரு நாள் கடையிலிருந்து கோலம் ஸ்டிக்கர் வாங்கி வந்து ஒட்டினாள். ஏன் என்று கேட்டால், ‘குனிய முடியலங்க’ என்றாள். யாராவது வீட்டுக்கு வந்தால் வலது கை முந்தானைக்குள் போய்விடும்.

மதுரையில் டாக்டரிடம் காட்டினோம். அவள் பயந்துகொண்டிருந்த பெரிய வியாதி இல்லை. சில குடும்பங்களில் பரம்பரையாக வருகிற நடுக்கம்தான், உயிருக்கு ஒன்றும் ஆகாது, மாத்திரையில் ஓரளவு குறையும் என்றார். கூடவே ஒன்று சொன்னார். நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற நினைப்பு வந்தால் நடுக்கம் கூடுமாம்.

முத்துலட்சுமி நாலு பேர் இருக்கிற இடத்துக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள்.

இந்த நேரத்தில்தான் மச்சானுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் தாலியின் முதல் முடிச்சை மட்டும்தான் மாப்பிள்ளை போடுவார். மிச்ச முடிச்சுகளை அவருடைய உடன்பிறந்தவள் போட வேண்டும். நாத்தனார் முடிச்சு என்பார்கள். மச்சானுக்கு முதலில் கல்யாணம் நடந்தபோது, தாவணி போட்ட பெண்ணாக இருந்த முத்துலட்சுமிதான் போட்டாள். மச்சான் மனைவியை அவள் மதினி என்பாள். நானும் இங்கே அப்படியே எழுதிவிடுகிறேன். மதினி இன்றைக்கும் சொல்வார்: ‘அவுக்க முடியாத முடிச்சாப் போட்டு விட்டுட்டா பாவி. இந்த மனுசன விட்டு ஓடக்கூட முடியல!’

மச்சானுக்குக் கூடப்பிறந்தவள் இவள் ஒருத்திதான். அறுபதிலும் இவள்தான் முடிச்சுப் போட வேண்டும். சபைக்கு நடுவில், மேளம் கொட்டும்போது, ஊர்க் கண்ணெல்லாம் அந்த விரல்களில்தான் இருக்கும்.

‘முட்டி வலிக்கி, என்னால நிக்க முடியாது. பெரியப்பா மக போடட்டும்ணே’ என்று போனில் சொல்லிவிட்டாள். மச்சான் போனை வைத்துவிட்டார். மறுநாள் எனக்குத் தனியாகக் கூப்பிட்டார். ‘எங்க மேல என்ன வருத்தம்னு கேட்டுச் சொல்லுங்க மாப்ள. தப்புன்னா திருத்திக்கிறோம்.’ உண்மையைச் சொல்லிவிடலாம். ஆனால் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அரை நிலா வந்தது. படத்துக்கு முழு நிலாவைவிட அரை நிலாதான் நல்லது என்று அதற்குள் கற்றிருந்தேன். முழு நிலாவில் வெயில் நேராக அடிப்பதால் மேடு பள்ளம் தெரியாது. அரை நிலாவில் வெயில் சாய்ந்து விழும். பள்ளத்துக்குப் பள்ளம் நிழல் இருக்கும். தவிர, பொழுது சாயும்போதே உச்சிக்கு வந்து நிற்கும். தூக்கம் கெட வேண்டியதில்லை.

மாடியில் நின்று எடுத்துக்கொண்டிருந்தேன். காயவைத்த மோர்மிளகாயை அள்ள முத்துலட்சுமி வந்தாள்.

‘இன்னும் வடை சுட்டு முடியலயா?’

‘வந்து பாரு.’

‘எங்கையிலயா? கீழ போட்டுருவேன். அப்பறம் ஒங்களச் சமாதானப்படுத்த என்னால ஆகாது.’

கேமராவின் வாரை அவள் கழுத்தில் மாட்டினேன். இனி விழாது. முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள்ளச் சொன்னேன். லென்ஸை ஏந்தியிருந்த கை ஆடியது. அதன் முனை வானத்தில் சின்னச் சின்ன வட்டமாகப் போட்டுக்கொண்டிருந்தது.

‘ஒண்ணுந் தெரியல. வெள்ளையா என்னமோ ஓடுது.’

‘பொத்தானப் பாதி அமுக்கு. விட்றாத. பொறு.’

இர்ர்...

பேச்சே இல்லை. என் வீட்டம்மா பேசாமல் இருந்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

‘நின்னுருச்சுங்க’ என்றாள்.

விரலை எடுத்தாள். மறுபடி பாதி அமுக்கினாள். எடுத்தாள். அமுக்கினாள். நிலா ஓடுவதையும் நிற்பதையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறாள் என்று தெரிந்தது.

‘எங்கை ஆடிக்கிட்டுத்தான இருக்கு?’

‘ஆமா.’

‘நிலா ஆடலயே...’

‘ஆடாது.’

கொஞ்ச நேரம் கழித்து, ‘ஏங்க, இருட்டும் வெளிச்சமும் சேர்ற எடத்துல குழிகுழியாக் கெடக்கே... தண்ணி வத்துன கம்மா மாதிரி!’ என்றாள். பரளச்சிக்காரிக்கு நிலாவில் முதலில் கண்ணில் பட்டது வற்றிய கண்மாய்தான்.

‘இப்ப முழுசா அமுக்கு. அமுக்கிக்கிட்டே இரு.’

கேமரா தொடர்ந்து படபடத்தது.

கீழே வந்து லேப்டாப்பில் போட்டுப் பார்த்தோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், முக்கால்வாசி படம் தேறவில்லை. ஸ்டெபிலைசர் மந்திரவாதி இல்லை. ஓர் அளவுக்கு மேல் ஆடினால் அதுவும் கையை விரித்துவிடும். அதனால்தான் சரம் சரமாக எடுப்பது. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தேன். மங்கல். மங்கல். பரவாயில்லை. மங்கல்...

ஒன்றில் கை நின்றுவிட்டது.

என்ன சொல்ல? நான் எடுத்த எதுவும் அதன் பக்கத்தில் வராது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் கரை தெரிந்தது. கரையின் நிழல் பள்ளத்துக்குள் விழுந்து கிடப்பது தெரிந்தது. பெரிதாக்கினோம். பகல் முடிந்து இருட்டு தொடங்குகிற கோட்டைத் தாண்டி, இருட்டுக்குள் தனியாக ஒரு வெளிச்சப் புள்ளி. தூசியோ என்று அவள் ஸ்கிரீனைத் துடைத்தாள். போகவில்லை.

‘அது மலை’ என்றேன். ‘வளர்பிறையில அந்தக் கோட்டுலதான் சூரியன் உதிக்கும். கீழ இன்னும் இருட்டு. மலை உச்சிக்கு மட்டும் வெயில் வந்திருச்சு.’

‘அங்கன விடியுதா?’

‘ஆமா.’

‘நாம மொளகா அள்ளிக்கிட்டு இருக்கையில?’

‘ஆமா.’

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு லட்சத்துச் சொச்சம் மைலுக்கு அப்பால் ஒரு மலையில் விடிந்ததை, என் வீட்டு மாடியில் நின்று, நடுங்குகிற ஒரு கை பிடித்து வந்திருக்கிறது.

அந்தப் படத்தைக் குரூப்பில் போட்டேன். இந்தத் தடவை ஒரு வரி எழுதினேன்: ‘எடுத்தது முத்துலட்சுமி.’

உடனே போன் வந்தது. மச்சான். அவளே எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

‘ஏத்தா லச்சுமி, நெசமா நீதான் எடுத்தியா? மாப்ள ஸ்டாண்டு கீண்டு வச்சுக் குடுத்தாரா?’

‘இல்லண்ணே. கையிலதான் எடுத்தேன்.’ அவள் ஸ்கிரீனில் இருந்த அந்தப் புள்ளியைப் பார்த்தாள். பிறகு, ‘அண்ணே... எனக்குக் கை நடுங்கும்ணே. முட்டி வலியெல்லாம் இல்ல. சபையில வச்சு ஆடிருமோன்னுதான் முடிச்சுப் போட வரமாட்டேன்னேன். ஒங்க மேல எனக்கு என்னண்ணே வருத்தம்?’ என்றாள்.

அந்தப் பக்கம் ஆடு ஒன்று கத்துவது மட்டும் கேட்டது. பிறகு யாரோ போனைப் பிடுங்கினார்கள். மதினி.

‘அடி கிறுக்கச்சி! இதுக்கா இம்புட்டு நாளா மொகத்தத் திருப்பிக்கிட்டுத் திரிஞ்ச? ஆடுனா ஆடிட்டுப் போகுது. எங்கழுத்து எங்கயும் ஓடிறாது, மெல்லப் போடு.’

‘எல்லாரும் பாப்பாகளே மதினி...’

‘பாக்கத்தான வாராக? பாத்துட்டுப் போறாக!’

‘பாக்குறேன் மதினி’ என்று வைத்தாள். வருகிறேன் என்று சொல்லவில்லை.

விசேஷத்துக்கு முதல் நாள் சாயங்காலம் பரளச்சி போய்ச் சேர்ந்தோம். அறுவடை முடிந்த கரிசல், வெடிப்பு விட்டுக் கிடந்தது. அதன் விளிம்பில் முழு நிலா எழுந்தது. மஞ்சளும் சிவப்புமாக, ஒரு முழு வேலிக்கருவை மரத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டு எழுந்தது. கையில் இருந்த வேலைகளை எல்லாம் போட்டுவிட்டு லென்ஸை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

நிலா நடுங்கியது! ஸ்டெபிலைசர் ஆனில்தான் இருக்கிறது. பூச்சிச் சத்தமும் கேட்கிறது. ஆனால் நிலாவின் ஓரம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல நெளிகிறது. போச்சு, லென்ஸ் ரிப்பேர் என்று எனக்கு வேர்த்துவிட்டது. முத்துலட்சுமி வாங்கிப் பார்த்தாள்.

‘லென்ஸெல்லாம் நல்லாத்தான் இருக்கு. காத்துதான் ஆடுது. பகல் பூரா காஞ்ச நெலத்துச் சூடு மேல ஏறுதுல்ல? ரோட்டுல கானல் ஓடுமே, அதான். பொறுங்க, கொஞ்சம் மேல வரட்டும்.’

பொறுத்தோம். நிலா அந்தச் சூட்டைத் தாண்டி ஏறியதும் நெளிவது நின்றது.

‘பொறுத்தா நிக்கிது’ என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

மறுநாள் காலை, திருச்சுழி கோயில். மாலையும் கழுத்துமாக மச்சானும் மதினியும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கேமராவோடு எதிரே. மதினிக்குப் பின்னால் முத்துலட்சுமி நின்றாள். பக்கத்திலேயே பெரியப்பா மகள், தயாராக.

கெட்டிமேளம். மச்சான் முதல் முடிச்சைப் போட்டார். அவ்வளவுதான், எல்லாரும் கையில் இருந்த அட்சதையை மொத்தமாக வீசிவிட்டார்கள். முத்துலட்சுமி கயிற்றைப் பிடித்தாள். விரல்கள் ஆடின. முன்வரிசை முழுக்க அதைப் பார்த்தது. கயிறு ஒருமுறை நழுவியது. பெரியப்பா மகள் ஓர் அடி முன்னால் வந்து கையை நீட்டினாள்.

நான் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை. முத்துலட்சுமி தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

‘மதினி, கை ஆடுது. கொஞ்சம் பொறுத்துக்கங்க.’

மேளச் சத்தத்தையும் மீறிச் சொன்னாள். மறைக்காமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

‘நல்லா ஊண்டிக்கத்தா’ என்று மதினி தலையைச் சாய்த்துப் பிடரியை அவள் கையில் கொடுத்தார். முத்துலட்சுமி முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். அவசரப்படாமல் காத்திருந்தாள். விரல் ஆடிய பக்கமெல்லாம் மதினியின் கழுத்தும் கூடவே போனது. மதுரையில் நான் விலை கொடுத்து வாங்கிய கண்ணாடி செய்கிற வேலையை அந்தக் கழுத்து செய்தது.

நேரம் போய்க்கொண்டிருந்தது. முடிச்சு விழாமல் மேளத்தை எப்படி நிறுத்துவது? நாயனக்காரர் கன்னம் உப்பியபடி கண்ணால் கெஞ்சினார். ‘நிப்பாட்டிராதீகப்பா, இன்னும் முடிச்சு விழல!’ என்று யாரோ கத்தினார்கள். அட்சதையை வீசிவிட்டு வெறுங்கையோடு நின்ற சனம் என்ன செய்தது தெரியுமா? குனிந்து, கீழே கிடந்ததைப் பொறுக்கி, மறுபடியும் வீசியது. எங்கள் பக்கத்தில் ஒரே தாலிக்கு இரண்டு தடவை அட்சதை விழுந்தது அன்றைக்குத்தான்.

முடிச்சு விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. மேளக்காரர்கள் சட்டென்று நிறுத்தி மூச்சு வாங்கினார்கள். அந்த அமைதியில் மதினி கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, ‘இந்தத் தடவையும் ஓட முடியாது போலயே!’ என்றார். கோயிலே சிரித்தது. மச்சான் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஓமப் புகை என்றார். அவர் உட்கார்ந்திருந்த பக்கம் புகையே வரவில்லை.

வீட்டுக்கு வந்து படங்களை லேப்டாப்பில் போட்டோம். மச்சான் மாலையோடு, தெளிவு. மதினி வெட்கப்படுவது, தெளிவு. முத்துலட்சுமி கயிற்றைப் பிடிப்பது வரைக்கும் எல்லாம் தெளிவு. முடிச்சு விழுந்த அந்த நொடி மட்டும் இரண்டு இரண்டாகத் தெரிந்தது. அதற்கு முன்னால் மங்கல். பின்னால் மங்கல். ஒன்றுகூடத் தேறவில்லை.

முத்துலட்சுமி உற்றுப் பார்த்தாள்.

‘லென்ஸு ஆன்லதான இருந்துச்சு?’

‘இருந்துச்சு.’

அவள் சிரிக்கவில்லை. நடுங்குகிற கையை என் கைமேல் வைத்துச் சொன்னாள்:

‘வாங்க, மதுரைக்குப் போவோம். எங்க டாக்டரு நல்லாப் பாப்பாரு.’